விர்ச்சுவல் அசிஸ்டென்ட் தொழில்: கிளையன்ட் கிடைத்த பிறகுதான் சவாலே... சமாளிப்பது எப்படி?

ஒரு லேப்டாப், நல்ல இன்டர்நெட், ஓரளவு ஆங்கிலம். விர்ச்சுவல் அசிஸ்டென்ட் ஆக இது போதும் என்று சொல்லும் வீடியோக்கள் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. தொடங்குவதற்கு இது போதும் என்பது உண்மைதான். சில மாதங்கள் கழித்து என்ன நடக்கும் என்பதை அந்த வீடியோக்கள் சொல்வதில்லை.

அமெரிக்க நேரத்துக்குத் தூக்கத்தை மாற்றிக்கொண்டு, பேசியதைவிட அதிகமாக வேலை பார்த்து, இன்வாய்ஸ் அனுப்பிவிட்டுப் பணத்துக்குக் காத்திருந்து, "பேசாம பழைய வேலைக்கே போயிடலாமா?" என்று யோசிக்கும் கட்டம் அது. அந்தக் கட்டத்தில் வரும் சிக்கல்கள் என்னென்ன, அவற்றை எப்படிச் சமாளிப்பது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், யார் இந்த விர்ச்சுவல் அசிஸ்டென்ட்?

இன்பாக்ஸைப் பராமரிப்பது, மீட்டிங் நேரம் குறிப்பது, டிக்கெட் போடுவது, சமூக வலைதளப் பதிவுகளைத் திட்டமிடுவது, ஆன்லைன் கடையின் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்வது என அலுவலகத்தில் ஓர் உதவியாளர் செய்யும் வேலைகளை வேறு ஊரிலோ, வேறு நாட்டிலோ இருந்தபடி செய்து கொடுப்பவர்தான் விர்ச்சுவல் அசிஸ்டென்ட்.

இந்தியாவுக்கு இது புதிதல்ல. அமெரிக்க எழுத்தாளர் ஏ.ஜே.ஜேக்கப்ஸ் தன் அன்றாட வேலைகளைப் பெங்களூரு நிறுவனம் ஒன்றின் உதவியாளர்களிடம் ஒப்படைத்துப் பார்த்து, அந்த அனுபவத்தை 2005-ல் 'எஸ்கொயர்' இதழில் எழுதினார். 2007-ல் வெளியான டிம் ஃபெரிஸின் 'தி 4-ஹவர் வொர்க்வீக்' புத்தகம் இந்த யோசனையை உலகம் முழுக்கக் கொண்டு சேர்த்தது.

அப்போது கிளையன்ட்டுக்கும் உதவியாளருக்கும் நடுவில் ஒரு நிறுவனம் இருந்தது. விலை பேசுவது, ஒப்பந்தம் போடுவது, பணம் வசூலிப்பது, வரி கட்டுவது எல்லாம் அந்த நிறுவனத்தின் வேலை. இப்போது அப்வொர்க், ஃபைவர், லிங்க்ட்இன் வழியாக நீங்களே கிளையன்ட்டைப் பிடிக்கிறீர்கள். அதனால் அந்த நிறுவனம் செய்த வேலைகளும் உங்கள் தலையில்தான். ஊழியர் மனநிலையிலேயே இருந்துகொண்டு தொழில் நடத்த முயல்வதுதான் கீழே வரும் பல சிக்கல்களுக்கும் ஆரம்பப் புள்ளி.

சவால் 1: வேலை தருகிறேன் என்று வரும் மோசடிகள்

முதல் கிளையன்ட் கிடைக்காத பதற்றத்தில் இருப்பவர்கள்தான் மோசடிக்காரர்களின் இலக்கு. அடிக்கடி வரும் வகைகள் இவை:

* பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என முன்பணம் கேட்பது. வேலை கொடுப்பவர்தான் பணம் தர வேண்டும். உங்களிடம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.
* டேட்டா என்ட்ரி மோசடி. ஆன்லைனில் ஒப்பந்தம் போட வைப்பார்கள். முடிக்கவே முடியாத அளவு வேலையைக் கொடுத்து, "நிறைய தப்பு இருக்கு, அபராதம் கட்டு" என்று வக்கீல் நோட்டீஸ் போல ஒன்றை அனுப்பி மிரட்டுவார்கள். பயந்து பணம் கட்டாதீர்கள்.
* "என் இந்திய வாடிக்கையாளர்கள் உங்க அக்கவுன்ட்டுக்குப் பணம் போடுவாங்க. கமிஷன் எடுத்துட்டு மீதியை அனுப்பிடுங்க." இது உதவியாளர் வேலையே இல்லை. மோசடிப் பணத்தைக் கைமாற்ற உங்கள் வங்கிக் கணக்கைப் பயன்படுத்தும் வழி. கணக்கு முடக்கப்படுவதோடு வழக்கும் உங்கள் பெயரில் வரும்.
* அப்வொர்க், லிங்க்ட்இன் கணக்கை வாடகைக்குக் கேட்பது. கணக்கு பறிபோகும். அதில் நடக்கும் மோசடிக்கும் உங்களைத்தான் கேட்பார்கள்.

பணத்தை இழந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். மத்திய அரசின் தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் பதியலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

சவால் 2: எவ்வளவு கேட்பது?

பெரும்பாலானோர் பழைய சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். உதாரணத்துக்கு, மாதம் 40,000 ரூபாய் கையில் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், மாதம் 22 நாள்கள் என்றால் 176 மணி நேரம். 40,000-ஐ 176-ஆல் வகுத்தால் மணிக்கு சுமார் 227 ரூபாய். "அப்போ 250 ரூபாய் கேட்டாலே லாபம்தானே" என்று தோன்றும்.

இங்கேதான் தப்பு நடக்கிறது. 176 மணி நேரத்துக்கும் உங்களுக்கு யாரும் பணம் தரப்போவதில்லை. புதிய கிளையன்ட் தேடுவது, புரபோசல் எழுதுவது, இன்வாய்ஸ் போடுவது, புதிய டூலைக் கற்றுக்கொள்வது எல்லாம் சம்பளம் இல்லாத நேரம். பில் போடக்கூடிய நேரம் 110 மணி என்று வைத்துக்கொள்வோம். இன்டர்நெட், இன்வெர்ட்டர், சாஃப்ட்வேர் சந்தா, ஆடிட்டர் செலவு எனத் தோராயமாக 8,000 ரூபாய் சேர்த்தால், 48,000-ஐ 110-ஆல் வகுக்க வேண்டும். மணிக்கு சுமார் 436 ரூபாய்!

முதல் கணக்குக்கும் இரண்டாவது கணக்குக்கும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம். வருமான வரி, மருத்துவக் காப்பீடு, காய்ச்சல் வந்து படுக்கும் நாள்கள் இதில் இன்னும் சேரவில்லை. உங்கள் சொந்த எண்களைப் போட்டு இந்தக் கணக்கை ஒருமுறை செய்து பாருங்கள். அதற்குக் கீழே இறங்கி ஒப்புக்கொள்ளும் ஒவ்வொரு வேலைக்கும் உங்கள் கைக்காசைத்தான் போடுகிறீர்கள்.

"பிலிப்பைன்ஸ்ல இதைவிடக் குறைவா செய்றாங்களே" என்று கிளையன்ட் சொல்லலாம். விலையில் மட்டும் போட்டி போட்டால் எப்போதும் உங்களைவிடக் குறைவாகக் கேட்க ஒருவர் இருப்பார். 'எல்லா வேலையும் செய்வேன்' என்பதைவிட, 'ஷாப்பிஃபை கடைகளின் ஆர்டர், ரிட்டர்ன், வாடிக்கையாளர் மெயில் மூன்றையும் பார்த்துக்கொள்வேன்' என்று சொல்பவரிடம் பேரம் குறைவாகவே நடக்கும்.

சவால் 3: "இதையும் கொஞ்சம் பார்த்துடுங்க"

இந்தத் தொழிலில் அதிகம் பேரைச் சோர்வடைய வைப்பது இதுதான். மெயில் பார்க்கத்தான் சேர்ந்திருப்பீர்கள். இரண்டாவது வாரம் ஒரு எக்செல் ஷீட் வரும். மூன்றாவது வாரம் இன்ஸ்டாகிராம் போஸ்டர். அடுத்து, கிளையன்ட்டின் குடும்பச் சுற்றுலாவுக்கு ஹோட்டல் தேடும் வேலை. ஒவ்வொன்றும் 'சின்ன வேலை'தான். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால், பேசிய பணம் அதே பணம், நேரம் மட்டும் எங்கேயோ போயிருக்கும்.

கிளையன்ட் எல்லா நேரமும் ஏமாற்றும் எண்ணத்தில் கேட்பதில்லை. எங்கே எல்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதனால் மூன்று விஷயங்களைச் செய்யுங்கள்.

ஒன்று, தொடங்கும் முன்பே ஒரு பக்க ஒப்பந்தம். என்னென்ன வேலை, மாதம் எத்தனை மணி நேரம், எந்த நேரத்தில் இருப்பீர்கள், எவ்வளவு நேரத்துக்குள் பதில் தருவீர்கள், மணிக்கணக்கு தாண்டினால் கட்டணம் என்ன, விலகுவதற்கு எத்தனை நாள் நோட்டீஸ் என்பவை அதில் இருக்க வேண்டும். முக்கியமாக, எந்த வேலைகள் இதில் சேராது என்பதையும் எழுதுங்கள். சட்ட மொழி தேவையில்லை. இரு தரப்பும் மெயிலில் "சரி" என்று சொன்னால்கூட பின்னால் காட்ட ஒரு பதிவு இருக்கும்.

இரண்டு, நேரத்தைப் பதிவு செய்வது. டாகிள், கிளாக்கிஃபை போன்ற டூல்களின் இலவசப் பதிப்பே போதும். வாரம் ஒருமுறை 'இவ்வளவு நேரம், இந்தந்த வேலை' என்று நான்கு வரி ரிப்போர்ட் அனுப்புங்கள். உங்கள் உழைப்பு கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

மூன்று, 'முடியாது' என்று சொல்லாமல் கணக்கைச் சொல்வது. இப்படி: "கண்டிப்பா பண்ணலாம். இந்த மாதம் 40 மணி நேரத்தில் 33 முடிஞ்சிருக்கு. இந்த வேலைக்கு 5 மணி நேரம் ஆகும், மீதி 2 மணி நேரம்தான் இருக்கும். நியூஸ்லெட்டரை அடுத்த மாதத்துக்குத் தள்ளட்டுமா, இல்லை கூடுதல் நேரம் சேர்த்துக்கலாமா?"

இந்தப் பதிலில் சண்டையும் இல்லை, கெஞ்சலும் இல்லை. முடிவு எடுக்கும் பொறுப்பு கிளையன்ட்டிடம் போய்விடுகிறது. எது முக்கியம் என்று அவரே யோசிப்பார். பல நேரங்களில் அந்த 'சின்ன வேலை' தானாகவே காணாமல் போய்விடும்!

சவால் 4: வேலை முடிந்தது, பணம் எங்கே?

வெளிநாட்டு கிளையன்ட் பதில் சொல்வதையே நிறுத்திவிட்டால், சில நூறு டாலர்களுக்காக அந்த நாட்டில் வழக்குப் போடுவது நடக்காத காரியம். எனவே பாதுகாப்பு முன்கூட்டியே இருக்க வேண்டும். மாதக் கட்டணம் என்றால் மாதத் தொடக்கத்திலேயே வாங்குங்கள். ஒரே ஒரு புராஜெக்ட் என்றால் பாதியை முன்பணமாகக் கேளுங்கள். புதியவரிடம் முதல் மாதம் வாராவாரம் பில் போடலாம். இன்வாய்ஸ் தேதியைத் தாண்டி இத்தனை நாளில் பணம் வராவிட்டால் வேலை நிறுத்தப்படும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும். இருந்தால் மட்டும் போதாது, ஒருமுறையாவது அதைச் செயல்படுத்தும் துணிவும் வேண்டும்.

தளங்கள் வழியாக வேலை செய்தால் பாதுகாப்பு அதிகம், ஆனால் அதற்கு விலை உண்டு. ஃபைவரில் உங்கள் வருமானத்தில் 20% கமிஷன். 100 டாலர் வேலைக்கு 80 டாலர்தான் உங்களுடையது. நேரடி கிளையன்ட் என்றால் பேபால், பேயோனீர், வைஸ், வங்கிப் பரிமாற்றம் எனப் பல வழிகள். கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். டாலரை ரூபாயாக மாற்றும் விகிதத்திலும் பணம் கரையும். 'கடைசியில் வங்கிக் கணக்கில் எத்தனை ரூபாய் விழுகிறது' என்பதுதான் சரியான ஒப்பீடு. வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததற்கான சான்றை ஒவ்வொரு முறையும் வாங்கிச் சேமித்து வையுங்கள். வரிக் கணக்கில் அது தேவைப்படும்.

அமெரிக்க கிளையன்ட் 'டபிள்யூ-8பென்' என்ற படிவம் கேட்டால் பயப்பட வேண்டாம். நீங்கள் அமெரிக்கர் இல்லை என்பதை உறுதி செய்யும் வரிப் படிவம் அது.

இந்திய கிளையன்ட் இழுத்தடித்தால்? அதற்குச் சட்டம் உதவுகிறது. உத்யம் இணையதளத்தில் குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்துகொள்ளலாம், முற்றிலும் இலவசம். அப்படிப் பதிவு செய்தவர்களுக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ம் ஆண்டின் எம்எஸ்எம்இ மேம்பாட்டுச் சட்டம். தாமதமானால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதற்கென உள்ள அரசு இணையதளத்தில் புகாரும் தரலாம். இன்வாய்ஸின் மேலே உத்யம் எண்ணைப் போட்டு வைத்தாலே கணக்குப் பிரிவு கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும்.

சவால் 5: மூன்று கடிகாரம், ஒரு உடம்பு

கிளையன்ட்டின் காலை 9 மணி, நமக்கு எத்தனை மணி?

* லண்டன்: மதியம் 1.30 (கோடையில்), 2.30 (குளிர்காலத்தில்)
* நியூயார்க்: மாலை 6.30 (கோடையில்), இரவு 7.30 (குளிர்காலத்தில்)
* லாஸ் ஏஞ்சலிஸ்: இரவு 9.30 (கோடையில்), 10.30 (குளிர்காலத்தில்)
* சிட்னி: அதிகாலை 3.30 (அவர்களின் கோடையில்), 4.30 (குளிர்காலத்தில்)

இந்த ஒரு மணி நேர மாற்றம்தான் மீட்டிங்கைத் தவறவிட வைக்கும். அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரம் மாறும். பிரிட்டனில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு. நம் ஊரில் கடிகாரம் மாறுவதே இல்லை என்பதால் நமக்கு இது நினைவில் நிற்காது. இந்தத் தேதிகளை இப்போதே காலண்டரில் குறித்துவிடுங்கள்.

கிளையன்ட் விழித்திருக்கும் நேரம் முழுக்க நீங்களும் விழித்திருக்க வேண்டியதில்லை. தினமும் இரண்டு மணி நேரம் மட்டும் இருவருக்கும் பொதுவாக வைத்துக்கொண்டு, மீதி வேலையை உங்கள் பகலில் முடிப்பது பல வேலைகளுக்குச் சரிவரும். "நீங்க தூங்கி எழும்போது வேலை முடிஞ்சிருக்கும்" என்பது உண்மையிலேயே ஒரு நல்ல விற்பனை வாசகம். லாஸ் ஏஞ்சலிஸும் சிட்னியும் ஒரே நேரத்தில் வேண்டாம், தூக்கம் என்பதே இருக்காது.

மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை, தீபாவளி, பொங்கல் விடுமுறைகள் கிளையன்ட்டுக்குத் தெரியாது. முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிரச்னையே இல்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்துக்கு இன்னொரு நிறுவனத்தின் மொபைல் டேட்டாவும் கையில் இருக்கட்டும்.

வீட்டுக்குள்ளும் ஒரு நேரப் பிரச்னை உண்டு. "வீட்லதானே இருக்கே, சிலிண்டர் வந்தா வாங்கி வெச்சிடு" என்பதில் தொடங்கும். குறிப்பாகப் பெண்களுக்கு, வேலை நேரம் என்று ஒன்று இருப்பதையே வீடு ஏற்றுக்கொள்ள நாளாகும். கிளையன்ட்டுக்குச் சொல்வது போல, வேலை நேரத்தை வீட்டிலும் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுவது வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால் பேச்சுக்கு இல்லாத மரியாதை அந்தத் தாளுக்குக் கிடைக்கும்.

சவால் 6: அடுத்தவர் பாஸ்வேர்டு உங்கள் கையில்

கிளையன்ட்டின் மெயில், வங்கி ரசீது, வாடிக்கையாளர் விவரம் எல்லாம் உங்களிடம் இருக்கும். ஏதாவது கசிந்தால் முதல் சந்தேகம் உங்கள் மேல்தான். எனவே பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் வாங்காதீர்கள். முடிந்தவரை பாஸ்வேர்டே இல்லாமல் அனுமதி கேளுங்கள். ஜிமெயிலில் இன்னொருவரைப் பிரதிநிதியாகச் சேர்க்கும் வசதி இருக்கிறது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களுக்கு மெட்டா பிசினஸ் சூட்டில் தனித்தனியாக அனுமதி தரலாம். வேறு வழியே இல்லை என்றால் பிட்வார்டன், 1பாஸ்வேர்டு போன்ற பாஸ்வேர்டு மேனேஜர் வழியாக மட்டும் பகிரச் சொல்லுங்கள்.

கிளையன்ட்டின் தகவல்களை அவரிடம் கேட்காமல் ஏஐ சாட்பாட்டில் போடாதீர்கள். வேலை முடிந்து விலகும்போது உங்களுக்கு இருந்த அனுமதிகளைப் பட்டியலிட்டு, "எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள்" என்று மெயில் அனுப்புங்கள். பிறகு ஏதாவது நடந்தாலும் உங்களுக்கு அதுவே ஆதாரம்.

சவால் 7: ஒரே கிளையன்ட், முழு வருமானம்

நல்ல கிளையன்ட், நல்ல பணம், நேரமும் நிறைவு. வேறு ஆளே தேட வேண்டாம் என்று தோன்றும். ஒரு நாள் காலை, 'பட்ஜெட் குறைந்துவிட்டது, இந்த மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்' என்று மெயில் வரும். வேலையில் இருந்து நீக்கினால் கிடைக்கும் இழப்பீடு, நோட்டீஸ் சம்பளம் எதுவும் இங்கே கிடையாது.

வருமானத்தில் பாதிக்கு மேல் ஒருவரிடமிருந்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். 30 நாள் நோட்டீஸ் என்பது ஒப்பந்தத்தில் இருக்கட்டும். மூன்று மாதச் செலவுக்கான பணம் தனிக் கணக்கில் இருக்கட்டும். நன்றாகப் போகும்போதே வாரம் ஓரிரு மணி நேரம் புதிய கிளையன்ட் தேடுவதற்கு ஒதுக்குங்கள். கையில் வேலை இருக்கும்போது பேசும் விலைக்கும், வேலை இல்லாதபோது பேசும் விலைக்கும் நிறைய வித்தியாசம் இருக்கும்.

சவால் 8: வரி

"வெளிநாட்டுப் பணம்தானே, வரி கிடையாது" என்பது தவறான தகவல். இந்தியாவில் வசிப்பவர் எந்த நாட்டிலிருந்து சம்பாதித்தாலும் இங்கே வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். ஆண்டு வரி 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் வரும் என்றால் முன்கூட்டியே அட்வான்ஸ் டாக்ஸும் கட்ட வேண்டும்.

ஜிஎஸ்டி? தமிழ்நாட்டில் சேவைத் தொழில் செய்பவரின் ஆண்டு மொத்த வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு கட்டாயம். வெளிநாட்டு வருவாயும் இந்தக் கணக்கில் சேரும். ஆனால், சட்டத்தின் நிபந்தனைகளைப் பூர்த்தி செய்யும் சேவை ஏற்றுமதிக்கு வரி விகிதம் பூஜ்ஜியம். பதிவு செய்தவர்கள் ஒவ்வொரு நிதியாண்டும் 'எல்யூடி' எனப்படும் உறுதிமொழியைத் தாக்கல் செய்தால் வரி கட்டாமலேயே ஏற்றுமதி செய்யலாம்.

வரித் தாக்கலுக்கு இன்னொரு பயனும் உண்டு. உங்களுக்கு சம்பளச் சீட்டு கிடையாது. நாளைக்கு வீட்டுக் கடனோ, வண்டிக் கடனோ கேட்டால் வங்கி கேட்பது கடந்த சில ஆண்டுகளின் வருமான வரித் தாக்கலைத்தான். முதல் ஆண்டிலிருந்தே ஒரு ஆடிட்டரிடம் ஆலோசித்துவிடுவது நல்லது.

ஏஐ வந்த பிறகும் இந்தத் தொழில் இருக்குமா?

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து எல்லோரும் கேட்கும் கேள்வி இது. மீட்டிங் குறிப்பு எழுதுவது, சாதாரண மெயிலுக்குப் பதில் தயாரிப்பது, டேட்டாவை அடுக்குவது போன்றவற்றுக்கு ஆள் வைத்துப் பணம் கொடுக்கும் தேவை குறைகிறது. அதை மட்டுமே விற்பவர்களுக்கு நெருக்கடி நிஜம்.

கோபமாக எழுதிய வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பித் தரலாமா, எந்த மெயிலை முதலாளியிடம் இன்றே காட்ட வேண்டும், எதை நாளைக்கு விடலாம் என்பதெல்லாம் அந்தத் தொழிலைத் தெரிந்த ஒருவர் பொறுப்பேற்றுச் செய்ய வேண்டியவை. ஏஐ டூலை நீங்கள் பயன்படுத்தி, அது தரும் பிழைகளைச் சரிபார்த்து, முடிவுக்குப் பொறுப்பேற்றால் உங்கள் மதிப்பு கூடும். அப்போது மணிக்கணக்கைவிட வேலைக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் பேசுவது உங்களுக்கு லாபம். இல்லாவிட்டால், வேகமாக முடித்ததற்காகக் குறைவான பணம் வாங்க வேண்டியிருக்கும்.

இந்த வாரமே செய்யக்கூடிய 5 விஷயங்கள்

1. சவால் 2-ல் உள்ள கணக்கை உங்கள் எண்களோடு போட்டு, குறைந்தபட்ச மணிக்கட்டணத்தைக் கண்டுபிடியுங்கள்.
2. ஒரு பக்க ஒப்பந்த மாதிரியைத் தயாரியுங்கள். இப்போதுள்ள கிளையன்ட்டுக்கும் அடுத்த மாதத்திலிருந்து அதையே அனுப்புங்கள்.
3. ஏழு நாள்கள் நேரத்தைப் பதிவு செய்து, எது பில் போட முடியாத நேரம் என்று பாருங்கள்.
4. உங்களிடம் உள்ள கிளையன்ட் பாஸ்வேர்டுகளை வாட்ஸ்அப், நோட்ஸ் செயலிகளிலிருந்து அழித்து, பாஸ்வேர்டு மேனேஜருக்கு மாற்றுங்கள்.
5. மொத்த வருமானத்தில் பெரிய கிளையன்ட்டின் பங்கு எத்தனை சதவிகிதம் என்று எழுதி வையுங்கள்.

ஐந்தாவது எண் 50-ஐத் தாண்டியிருந்தால், இந்த மாதத்தின் முதல் வேலை இன்னொரு கிளையன்ட்டைத் தேடுவதுதான்.